இடது கை குட்டையான நாற்காலி

அந்த அரண்மனையில் உட்காருவதற்கென்றே செய்த பொருட்கள் ஏராளமாக இருந்தன, உட்காரத்தான் இடமில்லை. பெரிய சிம்மாசனம், அதற்குப் பக்கத்தில் அடக்கமாக ஒரு சின்னச் சிம்மாசனம், ராணி சாய்ந்துகொள்ளப் பட்டு மெத்தை, அமைச்சர்களுக்கு முதுகு உயர்ந்த ஆசனங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் சிவப்புக் கயிறு. கோட்டை வாசலில் வண்டியை விட்டு இறங்கி, வளைந்து வளைந்து ஏறும் தெருவில் நடந்து, டிக்கெட் வாங்கி, படியேறி, ஆயுத அறை, கண்ணாடி அறை, படுக்கை அறை என்று பார்த்துக்கொண்டே வருகிறவர்கள், கடைசி மண்டபத்தை அடையும்போது மன்னர்கள் மேல் இருந்த மரியாதையில் பாதியை வழியிலேயே விட்டிருப்பார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அங்கே நிற்கும் காவலரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள்.

"அண்ணே, பாத்ரூம் எந்தப் பக்கம்?"

அந்தக் காவலரைப் பற்றியதுதான் இது.

அரண்மனையில் வேலை பார்ப்பவர்கள் அவரை ‘விசில்’ என்று கூப்பிடுவார்கள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பித்தளை விசில் தொங்கும். யாராவது சிவப்புக் கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டினால் அது உதட்டுக்குப் போய்விடும். மற்ற மண்டபத்துக் காவலர்கள், "சார், தொடாதீங்க" என்று வாயால் சொல்வார்கள். இவர் சொல்ல மாட்டார். சொன்னால் பதில் வரும், பதிலுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கும். விசிலோடு எவனும் வாதாட முடியாது என்பது அவர் கட்சி. வாதத்தில் ஓட்டை இல்லை. ஆனால் ஒரு மனிதர் பேச்சையே விசிலிடம் ஒப்படைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் யோசித்ததில்லை.

பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டிருந்தது. அடுப்பு மேடையில் பூனை ஏறினால் இவர் கை கழுத்தைத் தடவும்.

"அதெல்லாம் அங்க கழட்டி வெச்சிட்டு வந்தாச்சு. எந்திரிச்சுப் போய் விரட்டுங்க" என்பார் மனைவி.

வீடு கோட்டைக்குள்ளேயேதான். மதிலை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. இரண்டு அறை. பின்சுவர் என்று தனியாகக் கட்டவில்லை. கோட்டை மதிலே பின்சுவர். அதில் ஆணி இறங்காது. காலண்டர் மாட்ட முயன்று மூன்று ஆணிகளை வளைத்த பிறகு அவர், "பீரங்கிக்கே அசையாத சுவரு, உன் காலண்டருக்கு இடம் கொடுக்குமா?" என்று தன் தோல்வியை மதிலின் பெருமையாக மாற்றிவிட்டார். மனைவி கோட்டை வாசலுக்கு வெளியே ஒரு மருந்துக்கடையில் மத்தியானம் வரை வேலை பார்த்தார். ஊரில் உள்ள எல்லா டாக்டர்களின் கையெழுத்தும் அவருக்குப் படிக்க வரும். கணவரின் முகம் அதைவிடச் சுலபம்.

அரண்மனையில் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது காவலர் உட்காரக்கூடாது. மண்டபம் காலியாக இருந்தால் உட்காரலாம். அதற்கென்று அலுவலகம் ஆளுக்கொரு இரும்பு ஸ்டூல் கொடுத்திருந்தது. அதில் ஒருமுறை உட்கார்ந்தவர்கள் நிற்பதன் அருமையைப் புரிந்துகொண்டார்கள். ஆகவே ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து தூணுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார்கள். ஆயுத அறைக்காரரிடம் பிளாஸ்டிக் சேர். கண்ணாடி அறை அம்மாவிடம் மடக்குச் சேர். அதுவும் கண்ணாடிகளில் விழுந்து பத்துப் பதினைந்தாகத் தெரியும். வெளியிலிருந்து மரச்சாமான் எதுவும் உள்ளே வரக்கூடாது என்று ஒரு விதி உண்டு. எல்லாருக்கும் அது தெரியும். தெரிந்ததோடு சரி.

விசில் கொண்டுவந்தது மாமனாருடைய நாற்காலியை.

மாமனார் கடிகாரம் பழுது பார்த்தவர். கடையை மூடிவிட்டு வெளியூரில் மகன் வீட்டோடு போனபோது, அந்த நாற்காலியை மகளிடம் விட்டுப் போனார். சாதாரண நாற்காலியைவிட ஒரு சாண் உயரம். பிரம்புப் பின்னல். இடது கைப்பிடி மட்டும் பாதியில் நின்றுவிடும். அவர் இடது கைக்காரர். மேசையோடு ஒட்டி உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, நூலிழைத் திருகாணியைத் தூக்கும்போது முழங்கை கைப்பிடியில் இடித்தது. திருகாணி பறந்தது. அன்றைக்கே ரம்பத்தை எடுத்துவந்து பாதியை அறுத்துவிட்டார். அறுத்த முனையை மணல்தாள் போட்டு வழவழவென்று தேய்க்கும் பொறுமை மட்டும் அவருக்கு இருந்தது.

மகள் வீட்டில் அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. துவைத்த துணிகள் உட்கார்ந்தன. இதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல்தான் விசில் ஒருநாள், "பின்னல் தொங்கிப்போச்சு, குடுத்து சரி பண்ணிட்டு வரேன்" என்று தூக்கிக்கொண்டு போனார். பின்னலைச் சரி செய்தார் என்பது உண்மை. அதன்பிறகு அது வீட்டுக்குத் திரும்பவில்லை என்பது இன்னொரு உண்மை. மனைவி துணிகளுக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டார், எப்போதாவது நினைவு வந்து, "அந்தக் கடைக்காரன் என்ன தூங்கிட்டானா?" என்று கேட்பார். "அவன் ஒரு மாதிரி ஆளு" என்று இவர் ஒரு மாதிரி பதில் சொல்லி வைப்பார்.

இப்படியே போயிருக்கும். அவருக்குக் கண்வலி வந்தது.

கண் சிவந்த காவலரை அரண்மனை உள்ளே விடவில்லை. அவர் வீட்டில் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்த வாரத்தில் அங்கே வெள்ளையடித்தார்கள். எல்லா மண்டபத்துச் சாமான்களையும் தூக்கிக் கிடங்கில் போட்டு, பிறகு மறுபடி வெளியே எடுத்தார்கள். அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்த புது அதிகாரி, முப்பதைத் தொடாத ஒரு பெண், எதை எங்கே வைப்பது என்று தானே நின்று பார்த்தார். முன்பிருந்த அதிகாரிகள் கிடங்குக்குள் தும்மலுக்குப் பயந்து போகாதவர்கள். இவர் போனார். அங்கே கால் உடைந்த மேசைகளுக்கும் சுருட்டிய கம்பளங்களுக்கும் நடுவில் ஒரு நாற்காலியைக் கண்டார்.

கண் தெளிந்து வேலைக்குத் திரும்பிய விசில், கடைசி மண்டபத்துக்குள் நுழைந்து நின்றுவிட்டார். நடுவில் ஒரு மரமேடை. அதன்மேல் அவருடைய நாற்காலி, எண்ணெய் பூசிப் பளபளவென்று. பின்காலில் ஒரு எண் ஒட்டியிருந்தது. சுற்றிலும் சிவப்புக் கயிறு. முன்னால் ஒரு அட்டை:

‘படைத்தலைவர் இருக்கை. இடுப்பில் வாளுடன் அமர வசதியாக இடது கைப்பிடி குறுக்கப்பட்டுள்ளது. தொடாதீர்கள்.’

வலது கையால் வாளை உருவுகிறவன் அதை இடது இடுப்பில்தான் தொங்கவிடுவான். கைப்பிடி உள்ள நாற்காலியில் அவன் உட்கார்ந்தால் உறை இடது பக்கம் இடிக்கும். ஆகவே இடது கைப்பிடியைக் குறைத்தார்கள். அந்தப் பெண்ணின் யோசனையில் ஒரு கண்ணிகூட அறுந்திருக்கவில்லை. சரியாக யோசிப்பதற்கும் உண்மையைத் தொடுவதற்கும் நடுவே இப்படி ஒரு நாற்காலி அகலத்துக்கு இடைவெளி இருந்துவிடுகிறது.

விசில் முதலில் சிரித்தார். பிறகு டிக்கெட் கொடுக்கும் நண்பரிடம் ஓடினார். அவர் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சிரித்தார்.

"யோவ், இனிமே உன் சேரைப் பாக்க நானே டிக்கெட் கிழிச்சுக் குடுக்கணும்யா!"

"சிரிக்காதய்யா. மேடத்துகிட்ட என்னன்னு சொல்றது?"

"என் மாமனார் சேருன்னு சொல்லு."

"வெளி மரச்சாமான் உள்ள எப்படி வந்துச்சுன்னு கேட்டா?"

"அப்ப சொல்லாத."

நாளைக்குச் சொல்லலாம் என்று முடிவானது. மறுநாள் ஒரு விஷயம் நடந்தது. கடைசி மண்டபத்தில் ஆட்கள் நின்றார்கள். அதுவரை ஆட்களுக்கு அது ஒரு வழி மட்டும்தான். பாத்ரூமுக்கும் வாசலுக்கும் போகிற வழி. இப்போது அட்டையைப் படித்தார்கள், தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள், இல்லாத வாளை இடுப்பில் பிடித்துக்கொண்டு பாதி உட்கார்ந்து காட்டினார்கள். ஒரு கணவர் மனைவியிடம், "பாத்தியா, உக்காரும்போதுகூட சண்டைக்குத் தயாரா இருந்திருக்கான்" என்றார். "உங்கம்மா மாதிரி" என்றார் அந்த மனைவி. விசில் இரும்பு ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கைப்பிடியில் தேய்ந்து மினுங்கும் இடத்தைப் படைத்தலைவரின் கவலை என்று ஒருவர் தன் பெண்ணுக்கு விளக்கினார். அது இவருடைய மத்தியானத் தூக்கம்.

தன் பொருளைத் தானே காவல் காப்பதில் ஒரு சுகம் இருந்தது என்பதை மறைத்துப் பயனில்லை. சொல்லாமலே மாதங்கள் போயின.

ஒருநாள் சாயங்காலம் மைத்துனர் போன் செய்தார். மாமனாருக்கு இடுப்பு எலும்பு மாற்றும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்னும் கொஞ்சம் தேறியதும் அங்கே கொண்டுவந்து விடுகிறேன், பகல் பூராவும் இங்கே பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றார். டாக்டர் ஒன்றை அழுத்திச் சொல்லியிருந்தார். தாழ்ந்த இருக்கையில் உட்காரவே கூடாது. இடுப்பு மடங்கினால் வைத்த எலும்பு நழுவிவிடும். முழங்காலைவிட உயரமான, கைப்பிடி உள்ள நாற்காலி வேண்டும். பின்னாலிருந்து மாமனார் குரல் கேட்டது.

"என் சேர் அங்கதானே இருக்கு? அது போதும். வேற ஒண்ணும் வாங்கிடாதீங்க!"

மனைவி போனை வைத்துவிட்டுத் திரும்பினார். "நாளைக்கு முதல் வேலையா அந்தப் பின்னல் கடைக்குப் போய்க் கையோட தூக்கிட்டு வாங்க."

"வரேன்" என்றார் விசில்.

மறுநாள் தூக்கிக்கொண்டு வந்தது வேறொரு நாற்காலி. கடையிலேயே பெரியது. மாமனார் உயரத்துக்கு அது பத்தாது என்பதால் நான்கு கால்களுக்கும் அடியில் செங்கல் வைத்து, தானே உட்கார்ந்து காட்டினார். ஒரு செங்கல் புரண்டது. கோட்டை மதிலில் தலை இடித்தது.

"அப்பாவுக்கு இடுப்பு எலும்பு ஒண்ணுதான் மாத்தியிருக்காங்க. மிச்சத்தையும் மாத்த வைக்கலாம்னு பாக்குறீங்களா? நம்ம சேர் எங்க?"

"கடை பூட்டியிருக்கு."

மனைவி டாக்டர் சீட்டைப் படிப்பதுபோல் அவர் முகத்தை ஒருமுறை படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

இனி மேடத்திடம் சொல்வதைத் தவிர வழியில்லை. டிக்கெட் நண்பருக்கு வேறு வழி தெரிந்தது.

"சாயங்காலம் பூட்டுறதுக்கு முன்னாடி தூக்கிட்டுப் போயிடு. உன் பொருளை நீ எடுத்தா திருட்டா என்ன?"

"நம்பர் ஒட்டியாச்சேய்யா. நம்பர் ஒட்டினது வாசலைத் தாண்டக்கூடாது."

"அது உன் சேர்யா!"

"நம்பர் ஒட்டுற வரைக்கும் என் சேர்" என்றார் விசில். ஒரு பொருள் யாருடையது என்பது அதன்மேல் யார் உட்கார்ந்தார்கள் என்பதாலா, யார் எண் ஒட்டினார்கள் என்பதாலா என்று யாராவது கேட்டிருந்தால் அவருக்குப் பதில் தெரிந்திருக்காது. ஆனால் எதற்கு விசில் ஊத வேண்டும் என்பது தெரியும். அப்படித்தான் இத்தனை காலம் சோறு தின்றிருக்கிறார்.

அதிகாரியின் அறைக்குப் போனார். "மேடம், அந்தக் கடைசி மண்டபத்துச் சேர்..."

"நானே உங்ககிட்ட பேசணும்னு இருந்தேன் அண்ணே!" அதிகாரி எழுந்தே விட்டார். "நேத்து காலேஜ்ல இருந்து அதை வரையறதுக்கே வந்தாங்க தெரியுமா? நான் இங்க வந்ததுலேர்ந்து ஓட்டையை அடைக்கிறதும் வௌவால விரட்டுறதும்தான் வேலை. உருப்படியா நான் கண்டுபிடிச்சது அது ஒண்ணுதான். சொல்லுங்க, நீங்க என்ன சொல்ல வந்தீங்க?"

விசில் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"தூசி படியுது மேடம். துணி மாத்தணும்."

"தாராளமா மாத்துங்க."

அன்றைக்குச் சாயங்காலம் அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். கண்வலியிலிருந்து தூசித் துணி வரை. மனைவி மாத்திரைப் பட்டைகளைக் கத்தரித்துக்கொண்டே கேட்டார். வாள் வந்த இடத்தில் மட்டும் கத்தரிக்கோல் நின்றது.

"எங்கப்பாவுக்கு வாளா?"

"படைத்தலைவர்னு போட்டிருக்கு."

"அவரு கரப்பான் பூச்சிக்கே சேர் மேல ஏறிப்பாரு." சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டு முகத்தை மறுபடி கடுமையாக்கினார். "சரி, சிரிச்சதால விட்டுட்டேன்னு நினைக்காதீங்க. துணி கிடந்த சேர்னு தூக்கிட்டுப் போனீங்க. பகல்ல அந்தத் துணியை எடுத்துட்டு நான் கொஞ்ச நேரம் உக்காருவேன். உங்களுக்கு அது தெரியாது. சின்ன வயசுல நாங்க எப்பக் கடைக்குப் போனாலும் அப்பா அந்த உயரத்துல இருந்துதான் எங்களைப் பாத்து சிரிப்பாரு. கேட்டுட்டுக் கொண்டுபோயிருக்கலாம்ல?"

விசிலின் கை கழுத்துப் பக்கம் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது.

மாமனார் வந்து சேர்ந்தார். கையில் வாக்கர், முகத்தில் பழைய சிரிப்பு. கட்டிலின் தலைமாட்டில் இரண்டு மெத்தையை அடுக்கி, அதன் விளிம்பில் உட்கார வைத்தார்கள். சரிந்து சரிந்து வந்தார். சாப்பிடுவதற்கு நின்றார். செய்தித்தாளையும் நின்றே படித்தார். "சேர் எப்ப வரும்?" என்று ஒருமுறை கேட்டார், மகள் முகத்தைப் பார்த்த பிறகு மறுபடி கேட்கவில்லை. அவர் கேட்காமல் நின்றதுதான் விசிலுக்குத் தாங்க முடியாமல் போனது. மண்டபத்தில் நிற்கும்போதும் வீட்டில் ஒருவர் நின்றுகொண்டிருப்பது காலில் வலித்தது.

விடுமுறை நாள் ஒன்றில் மனைவி அப்பாவுக்குச் சட்டையை மாட்டிவிட்டார்.

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காருல்ல? வாங்க, அரண்மனையைப் பாத்துட்டு வரலாம். இத்தனை தடவை வந்திருக்கீங்க, ஒருவாட்டிகூட உள்ள போனதில்ல."

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர் திடுக்கிட்டுப் பார்த்தார். மனைவி அவர் காதருகே வந்து, "சேர் வீட்டுக்கு வராதுன்னா, அப்பா சேர்கிட்ட போறாரு. அதுக்கப்புறம் உங்க பாடு" என்றார்.

அரண்மனை வாசலில் வைத்திருந்த சக்கர நாற்காலியின் டயரில் காற்றில்லை. மாமனார் வாக்கரை ஊன்றியே வந்தார். ஆயுத அறையில் வாள்களை விட்டுவிட்டு, மூலையில் நின்றுபோயிருந்த ஒரு கடிகாரத்தையே நெடுநேரம் பார்த்தார். "சாவி குடுக்காம விட்டிருக்கான், வேற ஒண்ணுமில்ல" என்றார். கண்ணாடி அறையில் தன்னைப் பத்துப் பதினைந்தாகப் பார்த்து, "இத்தனை பேருக்கும் இடுப்பு வலியா?" என்றார். படுக்கை அறை தாண்டும்போது பேச்சு குறைந்தது. கடைசி மண்டபத்துக்குள் வரும்போது வாக்கரின் கால்கள் தரையில் தாளம் போட்டன.

மண்டபத்தில் கூட்டம். மேடைக்கு முன்னால் தொப்பி போட்ட ஒருவர் தன் குடும்பத்துக்கு வாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமனார் கூட்டத்தின் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தார். அட்டையை எழுத்தெழுத்தாகப் படித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"மாப்ள, இங்க பாருங்க! நம்ம சேர் மாதிரியே இருக்கு! ராஜா வீட்டு ஆசாரிக்கும் எனக்கும் ஒரே புத்தி!"

அது தன்னுடையதாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கயிறும் மேடையும் அட்டையும் சேர்ந்து ஒரு மனிதரிடமிருந்து அவருடைய நாற்காலியை அவ்வளவு தூரம் கொண்டுபோய் வைத்திருந்தன. சிரித்தபடியே இருந்தவரின் முழங்கால் நடுங்கியது. வாக்கரைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. சுற்றிலும் பார்த்தார், உட்கார ஒரு இடமும் இல்லை. இரும்பு ஸ்டூல் இருந்தது. முழங்காலுக்குக் கீழே, கைப்பிடி இல்லாமல்.

மனைவி கையைக் கட்டிக்கொண்டு கணவரைப் பார்த்தார்.

விசில் சிவப்புக் கயிற்றின் கொக்கியைக் கழற்றினார்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கயிற்றுக் கொக்கியை அவர் மாட்டித்தான் பழக்கம். கயிறு தரையில் விழுந்த சத்தம் மண்டபத்துக்கே கேட்டது. நாற்காலியை மேடையிலிருந்து இறக்கி, மாமனாரின் பின்னால் வைத்து, அவர் தோளைப் பிடித்தார்.

"உக்காருங்க மாமா."

"ஐயையோ, படைத்தலைவர் சேர் மாப்ள!"

"உங்க சேர்தான் மாமா. உக்காருங்க."

மாமனார் உட்கார்ந்தார். இடது முழங்கை தானாகவே கைப்பிடி முடியும் இடத்தைத் தேடிப் போய், வழவழப்பான அந்த முனைக்கு அப்பால் காற்றில் தொங்கி நின்றது. கட்டைவிரல் அந்த முனையைத் தடவியது. அவருக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தொப்பிக்காரருக்கு வேண்டியிருந்தது. "என்னங்க அநியாயமா இருக்கு! எங்களைத் தொடாதன்னு போட்டுட்டு, உங்க ஆளை உக்கார வைக்கிறீங்க? யாருங்க இங்க பொறுப்பு? அந்த விசிலை ஊதுங்க, இல்ல என்கிட்ட குடுங்க!"

சத்தம் கேட்டு அதிகாரி வந்தார். கயிறு தரையில் கிடந்தது. அவர் கண்டுபிடித்த ஒரே பொருளின் மேல் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். விசில் ஒரு அடி முன்னால் வந்து நின்றார். சுருக்கமாகப் பேசினார், அவருக்குப் பேசிப் பழக்கமில்லை.

"மேடம், இது எங்க மாமனார் சேர். நான்தான் உக்கார்றதுக்காக வீட்டுலேர்ந்து கொண்டுவந்தேன். வெள்ளையடிச்சப்ப கிடங்குக்குப் போயிடுச்சு. அன்னிக்கு சொல்ல வந்தேன். சொல்லல. தப்பு என்னோடதுதான்."

அதிகாரி அட்டையைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். முகம் மெல்லச் சிவந்தது. "அப்ப இந்தக் கைப்பிடி?"

"நான் அறுத்ததும்மா" என்றார் மாமனார், உட்கார்ந்த தெம்பில். "வாட்ச் பாக்குறவன் நான். இடது கை. முழங்கை இடிச்சுது. ஆனா நீங்க போட்டிருக்கிறதைப் படிச்சேன். யோசனை ஒண்ணும் தப்பில்ல. ரெண்டு பேருக்கும் இடது பக்கம்தான் இடிக்குது. உங்க ஆளுக்கு வாள், எனக்கு முழங்கை. எனக்கே ஒரு நிமிஷம் அவரு உக்காந்திருப்பாரோன்னு தோணிடுச்சு."

அதிகாரி மேடையின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு விசிலைப் பார்த்து, "ஏன்ணே அன்னிக்கே சொல்லல? நான் கடிச்சா தின்னுடப் போறேன்?" என்றார்.

"நீங்க அன்னிக்கு ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க மேடம்."

"இவருக்கு ஊதத்தான் தெரியும், பேசத் தெரியாது" என்றார் மனைவி. ஆனால் குரலில் பழைய கடுமை இல்லை.

அதிகாரி சிரித்தார். முதலில் அது சிரிப்பா வேறு ஏதாவதா என்று சொல்ல முடியவில்லை. பிறகு சிரிப்புதான் என்று ஆனது. அட்டையை எடுத்து இரண்டாக மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். குனிந்து, பின்காலில் ஒட்டியிருந்த எண்ணை நகத்தால் சுரண்டி எடுத்தார். அவர் செய்த காரியங்களில் உருப்படியானது எது என்று கேட்டால், இதைச் சொல்லலாம்.

"எடுத்துட்டுப் போங்க. ஐயாவுக்கு வேணும்ல."

வாசல் காவலர் நாற்காலியை நிறுத்தினார். மரச்சாமான் வெளியே போகக்கூடாது என்றார். கூடவே வந்த அதிகாரி, "உள்ள வரவும்தான் கூடாது. வந்துச்சே" என்றார்.

நாற்காலியைத் தலைகீழாகத் தலையில் வைத்துக்கொண்டு விசில் முன்னால் இறங்கினார். பின்னால் வாக்கர், அதற்குப் பின்னால் மனைவி. மேலே ஏறி வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். தெரு வளைகிற இடத்தில் மாமனார், "மாப்ள, கொஞ்சம்" என்றார். மதில் நிழலில் நாற்காலியைப் போட்டார்கள். அவர் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். கூட்டம் இரண்டு பக்கமும் பிரிந்து போனது. அடுத்த வளைவில் மறுபடி போட்டார்கள். களைத்துப்போன ஒரு பெண்மணி, "அட, இந்தச் சேரை எங்க வாடகைக்குக் குடுக்கிறாங்க?" என்று விசாரித்தார்.

கடைசி மண்டபத்தில் இப்போது மேடையும் இல்லை, கயிறும் இல்லை. அதிகாரி கிடங்கிலிருந்து ஒரு நீண்ட பெஞ்சை எடுத்துக் கால்களைச் சரி செய்து அங்கே போட்டிருக்கிறார். அந்த பெஞ்சுக்கு எந்த வரலாறும் இல்லை என்பதை இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டாராம். மேலே ஒரு சின்ன அட்டை: ‘உட்காரலாம்.’ ஆனால் அத்தனை மண்டபங்களையும் தாண்டி வருகிறவர்களுக்குக் கயிறு மனதுக்குள் ஏறியிருக்கும். படித்துவிட்டும் நின்றுகொண்டே காவலரிடம், "நிஜமாவே உக்காரலாமா அண்ணே?" என்று கேட்கிறார்கள். அதற்கு விசில் ஊதிப் பதில் சொல்ல முடியாது. நாள் முழுக்க அவர் வாயைத் திறந்து, "உக்காருங்க, உக்காருங்க" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் வாரம் தொண்டை கட்டிக்கொண்டது. மனைவி கடையிலிருந்து தொண்டைக்கு மாத்திரை கொண்டுவந்து கொடுத்தார்.

விசில் தேவைப்படாததால் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டார். ஆணி இறங்காத வீட்டில் அதை மாட்ட ஒரே ஒரு இடம்தான் அமைந்தது: நாற்காலியின் குட்டைக் கைப்பிடி. அதனால் வந்த வினையை ஒருவரும் முன்னால் யோசிக்கவில்லை. மாமனாருக்கு எழுந்திருக்கக் கை கொடுக்க வேண்டுமென்றாலும் சரி, டீ வேண்டுமென்றாலும் சரி, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்ப்பதில்லை. இடது கையை அப்படியே நீட்டி எடுத்து ஒரு ஊது ஊதுகிறார். உள்ளறையில் அப்போதுதான் சாய்ந்த காவலர், "இதோ வந்துட்டேன் மாமா" என்று எழுந்து ஓடுகிறார்.

"இப்பத் தெரியுதா, ஊதுனா எப்படி இருக்கும்னு?" என்கிறார் மனைவி, மாத்திரைப் பட்டையைக் கத்தரித்துக்கொண்டே.